முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சந்தனப் பொட்டு

ஆயுத பூஜையன்று ஆறுமுகநயினார் வைத்த பொட்டுகளில் ஒன்று மட்டும் இடம் தவறிப் போயிற்று. மற்றதெல்லாம் சரியாகத்தான் வைத்தான். ஜீப்புக்கு வைத்தான், பீரோவுக்கு வைத்தான், தண்ணீர் மோட்டாருக்கு வைத்தான், கண்காணிப்பாளர் நாகப்பன் சாரின் குடைக்கும் வைத்தான். தொலைநோக்கியின் உருண்டை வயிற்றில் மூன்று பட்டையாகச் சந்தனம் இழுத்துவிட்டு, நாலடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தான். அப்போதுதான் மேசைமேல் ஒரு பொருள் கறுப்பு மூடி போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. தொலைநோக்கியின் கேமரா.

மூடி போட்ட முகத்துக்கு எப்படிப் பொட்டு வைப்பது? கழற்றினான். உள்ளே கண்ணாடி பளபளவென்று சிரித்தது. மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு அதன் நட்டநடுவில் வைத்து, மேலே ஒரு சிட்டிகை குங்குமத்தையும் அப்பினான்.

வாசலில் ஜீப்புக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த டிரைவர் மூர்த்தி எட்டிப் பார்த்தான். மூர்த்தி குன்றத்தூர்க்காரன். "இன்னா நைனா இது? அதும் கண்ணுலயே வெச்சிகினுகீறியே! அது எப்டி பாக்கும்?"

நயினார் நாக்கைக் கடித்துக்கொண்டான். சட்டென்று வேட்டி முனையால் துடைத்தான். துடைத்துவிட்டோம் என்று நினைத்தான் பாருங்கள், அது அவன் அன்றைக்குச் செய்த இரண்டாவது தவறு.

இது நடந்தது ஒரகடத்தில், உயர்பாதை விண்குப்பைக் கண்டறி நிலையத்தில். அப்படி ஒரு நிலையம் இருப்பது பக்கத்துக் கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கே தெரியாது. தினமும் இரண்டு பேராவது உள்ளே வந்து, "இங்க ஆள் எடுக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நிலையத்தின் வேலை என்னவென்றால், பூமிக்கு மேலே முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பாதை இருக்கிறது. நம் வீட்டு டி.வி.க்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள்கள் அங்கேதான் நிற்கின்றன. உண்மையில் நிற்கவில்லை, பூமி சுழலும் வேகத்துக்கே அவையும் சுற்றுவதால் நமக்கு நிற்பது போலிருக்கும். அவற்றில் ஆயுள் முடிந்தவை, உடைந்து சிதறியவை, ராக்கெட்டுகள் கழற்றிப் போட்டுவிட்டுப் போனவை எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. உயிரோடிருக்கும் செயற்கைக்கோளில் அவை மோதினால் சீரியல் நின்றுபோகும் என்பதால் அவற்றைக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். ஆனால் அவை படுமங்கல். அதற்கு ஒரு வழி உண்டு. தொலைநோக்கியை ஆடாமல் அசையாமல் நிறுத்திப் படமெடுத்தால் நட்சத்திரங்கள் நகர்ந்துபோய்க் கோடு கோடாக விழும். குப்பை மட்டும் நின்ற இடத்திலேயே புள்ளியாக விழும். கோட்டை விட்டுவிட்டுப் புள்ளியைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நிலையத்தை இருட்டான மலைமேல்தானே வைப்பார்கள் என்று கேட்கலாம். வைக்கத்தான் இருந்தார்கள். இடத்தேர்வுக் குழு மலைக்கும் போய்வந்தது. 'இருட்டில் பணியாளர் தடுக்கி விழும் அபாயம் உள்ளது' என்று அறிக்கை எழுதியது. ஒரகடத்தில் அந்த அபாயம் இல்லை. பக்கத்துத் தொழிற்சாலையின் விளக்குக் கோபுரங்கள் பொழுது சாய்ந்ததும் எரிய ஆரம்பித்தால் வானமே ஆரஞ்சு மிட்டாய் நிறத்துக்கு மாறிவிடும். கீழே கிடக்கும் குண்டூசியைக்கூடப் பொறுக்கலாம். மேலே இருப்பதைத்தான் பார்க்க முடியாது.

ஆகவே, தொடங்கிய நாளிலிருந்து நிலையம் ஒரு குப்பையைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. இயக்குநர் நம்பிராஜன் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கால்நடைத் துறையிலிருந்து பதவி உயர்வில் வந்தவர், நல்ல மனிதர், யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பந்திக்கே போய்விடுவார். ஆண்டறிக்கைக்கு அவரே 'குப்பையற்ற வானம்' என்று தலைப்புக் கொடுத்தார். ஆனால் இந்த முறை டெல்லியிலிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டது: 'வானத்தில் குப்பை இல்லையென்றால் ஒரகடத்தில் நிலையம் எதற்கு?'

நிலையத்தில் வானியல் படித்த ஒரே ஆள் உமாதேவி மேடம். காஞ்சிபுரத்துக்காரர். படித்த ஒரே ஆள் என்பதால் பயிற்சிக்கு அனுப்பத் தகுதியான ஒரே ஆளும் அவர்தான் என்று கண்டு, அவரைக் கிடங்கு மேலாண்மைப் பயிற்சிக்கு ஐதராபாத்துக்கு அனுப்பியிருந்தார்கள். போகும்போது அவர் நயினாரிடம், "சாயங்காலம் கூரையைத் திறங்க, கேமராவைத் திருகி மாட்டுங்க, பச்சை பட்டனை அமுக்குங்க. மத்ததை மிஷின் பாத்துக்கும். காலையில படம் அச்சாகி வந்திருக்கும், எடுத்து அடுக்கி வைங்க. வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பொட்டு வைப்பது தொடுவதில் சேருமா என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

நயினாருக்கு ஊர் வள்ளியூர்ப் பக்கம். நிலையத்தில் அவனுக்குக் கூரை திறப்பு உதவியாளர் (தற்காலிகம்) என்று பெயர். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவன். படப்பையில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தான். வைகாசியில் கல்யாணம் ஆகி, நாச்சியார் ஊரிலேயே இருந்தாள். படப்பையில் ஒரு வீட்டுக்கார அம்மா பின்கட்டைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஆனால், "வேலை பர்மனென்டா இருந்தா வா. காண்ட்ராக்டுன்னா வேணாம்பா, நாளைக்கு நீ எங்க கீறியோ" என்று சொல்லிவிட்டாள். ஆகவே வேலை நிலையானால் வீடு, வீடு கிடைத்தால் நாச்சியார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "நான் எப்ப வரட்டும்?"

பூஜை விடுமுறை முடிந்து முதல் படம் அச்சாகி வந்தது. மை மிச்சமாகும் என்பதால் இங்கே வானத்தைத் தலைகீழாகத்தான் அச்சடிப்பார்கள்: வெளிச்சமான நட்சத்திரம் கறுப்பாக விழும், இருட்டு வெள்ளையாக விழும். அன்றைய தாளில் ஆரஞ்சு வானத்தின் புண்ணியத்தில் ஒரே சாம்பல். சாம்பலில் கறுப்புக் கோடுகள். நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு வளையம், மெதுவடை மாதிரி.

தாளை நாகப்பன் பார்த்தார். இயக்குநர் பார்த்தார். இயக்குநர் எழுந்து நின்றே பார்த்தார்.

"நட்சத்திரமெல்லாம் கோடா இருக்கு. இது கோடா இருக்கா?"

"இல்ல சார்."

"நட்சத்திரமெல்லாம் கறுப்பா இருக்கு. இது கறுப்பா இருக்கா?"

"வெள்ளையா இருக்கு சார்."

"அப்போ இது நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் இல்லாம வானத்துல இருக்கிறதுக்கு என்ன பேரு?" இயக்குநர் தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். "குப்பை, நாகப்பன்! நம்ம குப்பை!"

மறுநாள் படத்திலும் வளையம் அதே இடத்தில் இருந்தது. அதற்கு மறுநாளும் இம்மி பிசகவில்லை. "எவ்வளவு ஒழுக்கம் பாருங்க," என்றார் இயக்குநர். "நம்ம ஆபீஸ்ல தினமும் இப்படி ஒரே இடத்துல யார் இருக்காங்க?" நாகப்பன் அதைக் கேட்காதவர் போல் குடையைச் சரிசெய்தார்.

நயினார் மட்டும் தாளையும் தன் மோதிர விரலையும் மாறி மாறிப் பார்த்தான். வளையம் இருந்த இடம் நட்டநடு. அவன் விரல் வைத்ததும் நட்டநடு. ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. துடைத்தானே! ஒருவேளை மேலே நிஜமாகவே ஒரு மெதுவடை சுற்றுகிறதோ என்னவோ, கூரை திறக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நாகப்பன் மேசை முன்னால் போய் நின்றான்.

"சார், அந்த வளையம் வந்து... ஆயுத பூஜைக்கு நான் வச்ச பொட்டா இருக்குமோன்னு..."

நாகப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீ யாரு ஆளு?"

"ஒப்பந்தக்காரர் ஆளு சார்."

"அப்போ நீ பண்ண தப்பு யாரோட தப்பு?"

"என் தப்புதான் சார்."

"அதான் இல்லை. ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்கு? கூரை திறத்தல், கூரை மூடுதல், கூட்டுதல், துடைத்தல். தப்பு செய்தல்னு எங்கயாவது போட்டிருக்கா? இந்த நிலையத்துல தப்பு செய்யறதுக்கு உனக்கு அதிகாரமே கிடையாது தம்பி. அதெல்லாம் நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும்தான். நானே சர்வீஸ்ல ஏழு வருஷம் கழிச்சுதான் முதல் தப்பு பண்ணேன்."

"அப்ப அது என் பொட்டுதானா இல்லையா சார்?"

"அதை நான் சொல்லக் கூடாது. இயக்குநரைக் கேள்."

இயக்குநர் அவனை உட்காரவே சொன்னார். அவ்வளவு மகிழ்ச்சியில் இருந்தார். "பொட்டா? எவ்வளவு பெரிய பொட்டு வெச்சே?"

"மொச்சக்கொட்ட அளவு சார்."

இயக்குநர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். "தொலைநோக்கி பார்க்கிற வானம் இவ்வளவு. அதுல வளையம் இவ்வளவு. தூரம் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர். அப்போ அதோட நிஜ அகலம் என்ன வருது தெரியுமா? இங்கே பார். படப்பையில ஆரம்பிச்சு தாம்பரம் தாண்டிப் போகுது! மொச்சைக்கொட்டை எங்கே, இது எங்கே? இவ்வளவு பெரிய குப்பையை உலகத்துல எவனும் பார்க்கலை. ஏன் பார்க்கலை?"

"தெரியல சார்."

"மங்கல்! மங்கலான குப்பையைக் கண்டுபிடிக்கத்தான் நம்ம நிலையமே இருக்கு. நீ கவலைப்படாதே. கண்டறிதல் நடந்தப்போ பணியில் இருந்தவன் நீ. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருக்கேன்."

நயினார் வாயைத் திறந்தான். நிரந்தரம் என்ற சொல் உள்ளே போயிற்று. வாய் மூடிக்கொண்டது. அவனைக் குறை சொல்லாதீர்கள். கல்யாணமாகி ஐந்தாம் மாதம் ஐந்து ஆண்பிள்ளைகளோடு படுத்துறங்கும் எவனும் அதைத்தான் செய்வான்.

ஜீப்பருகே மூர்த்தியிடம் சொன்னான். மூர்த்தி யோசித்தான். "படப்பைலேர்ந்து தாம்பரம் வரிக்கும் மேல ஒண்ணு கீதுன்னா, வெயில் எப்டிபா அடிக்குது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நாச்சியார் கேட்டாள், "நான் எப்ப வரட்டும்?"

"கோப்பு மேல போயிருக்கு நாச்சியா."

"எம்புட்டு மேல? அந்தக் குப்ப கெடக்க ஒசரத்துக்கா?"

"பரிசீலனைல இருக்குட்டி."

"போன வாரம் வரைக்கும் மனுசன் மாதிரிதான பேசிக்கிட்டிருந்தீய?" என்று போனை வைத்துவிட்டாள்.

குப்பைக்கு வி.கு. ஒன்று என்று பெயர் சூட்டினார்கள். நல்ல காரியம் என்பதால் வல்லக்கோட்டை முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிடலாம் என்று இயக்குநர் புறப்பட, ஜீப்பில் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். சன்னிதியில் குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"யார் பேருக்கு?"

"வி.கு. ஒன்று," என்றார் இயக்குநர்.

குருக்கள் பார்க்காத பெயரா? "கோத்திரம்?"

எந்த நாட்டு ராக்கெட்டிலிருந்து வந்ததென்று தெரியாததால் இயக்குநர் திரும்பிப் பார்த்தார். "விசாரணையில் இருக்கு," என்றார் நாகப்பன்.

"நட்சத்திரம்?"

இயக்குநர் நிமிர்ந்தார். "சாமி, அது நட்சத்திரமே இல்லை. அதுதான் எங்க கண்டுபிடிப்பு!"

"அப்போ சுவாமி பேருக்கே பண்ணிடறேன்," என்று குருக்கள் உள்ளே போனார். நயினார் கண்ணை மூடிக்கொண்டு, 'முருகா, அது ஒம் பொட்டா எம் பொட்டா, ஏதாவது ஒண்ணு சொல்லு' என்று வேண்டினான். பூசிக்கொள்ளக் கொடுத்த சந்தனத்தை இலையோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

விஷயம் வெளியே பரவியது. படப்பைச் சாலையில் மனை விற்கிறவர்கள் புதிதாக ஒரு பலகை நட்டார்கள்: 'விண்குப்பை விழாத பகுதி. அரசு நிலையம் மிக அருகில்.' அதற்கு எதிர்ப்புறம் விற்கிறவர்கள் நிலையத்துக்கே வந்து, தங்கள் மனைமேல் விழாது என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். நாகப்பன், "விழாதுன்னு சொல்ல முடியாது. விழும்னும் சொல்ல மாட்டோம்" என்று அனுப்பி வைத்தார்.

பிறகு நிபுணர் குழு வந்தது. மூன்று பேர். ஒருவர் துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர், ஒருவர் தணிக்கைக்காரர், மூன்றாமவர் எல்லாக் குழுக்களிலும் இருப்பவர். படத்தில் பார்த்தால் போதாது, நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்கள். விளக்குக் கோபுரங்கள் எரிந்துகொண்டிருந்தன. வானம் மிட்டாய் நிறத்தில் பரந்து கிடந்தது.

"அதோ, அந்தப் புகைபோக்கிக்கு நேர் மேலே," என்று இயக்குநர் கையை நீட்டினார்.

துறைமுகக்காரர் கண்ணை இடுக்கினார். "ஆமாம்."

"தெளிவாக இருக்கிறது," என்றார் தணிக்கைக்காரர்.

"மங்கல் என்றல்லவா சொன்னீர்கள்?" என்றார் மூன்றாமவர் சந்தேகத்தோடு.

"மங்கல்தான், தெளிவான மங்கல்," என்றார் இயக்குநர். அப்படியே குறிப்பில் ஏறிற்று.

டீ கொண்டுவந்த நயினார் இதுதான் சமயம் என்று நினைத்து, "ஐயா, அது பொட்டா இருந்தா?" என்றான். மூன்று நிபுணர்களும் அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். மூன்றாமவர் சொன்னார்: "இருந்தால் என்னப்பா? கண்டறிந்தது உண்மைதானே. எதைக் கண்டறிந்தோம் என்பது அடுத்த குழுவின் வேலை." சர்க்கரை கொஞ்சம் குறைவு என்றும் சொன்னார்.

குழுவின் பரிந்துரையின்பேரில், குப்பையை நேரில் காண டெல்லியிலிருந்து கூடுதல் செயலாளர் வருவதாகத் தகவல் வந்தது. நிலையம் அல்லோலகல்லோலப்பட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு, செடிக்குச் செம்மண், மரத்துக்குக் காவியும் வெள்ளையும். நாகப்பன் சுற்றறிக்கை விட்டார்: 'கண்ணில் படும் பரப்புகள் அனைத்தும் தூசியின்றித் துடைக்கப்பட வேண்டும்.' பஞ்சும் ஸ்பிரிட்டும் நயினார் கைக்கு வந்தன.

"சார், கேமராக் கண்ணாடியுமா?"

"அது கண்ணுல படுதா இல்லையா?"

"படுது சார். ஆனா அதத் தொடச்சா... குப்ப போயிரும்னு எனக்குப் பயமா இருக்கு."

"பாரு தம்பி," நாகப்பன் பொறுமையாகத்தான் சொன்னார், "குப்பை மேலே இருக்கு. தூசி கீழே இருக்கு. மேலே இருக்கிறது இயக்குநர் பொறுப்பு. கீழே இருக்கிறது என் பொறுப்பு. செயலாளர் வந்து கண்ணாடியில விரலை வெச்சுப் பார்த்தா என் ஓய்வூதியம் போயிடும். துடை."

நயினார் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். துடைத்து வளையம் போகாவிட்டால் அது நிஜக் குப்பை; அவன் நிரந்தரம். துடைத்து வளையம் போய்விட்டால் அது அவன் பொட்டு; எல்லாமும் போச்சு. துடைக்காமலே விட்டுவிட்டால்? டெல்லிக்காரர் பார்ப்பார், இயக்குநர் சிரிப்பார், நாச்சியார் வருவாள். ஆனால் வீட்டுக்குள் அவளைக் கூட்டி வந்து அவள் நெற்றிப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கண்ணாடிதானே ஞாபகம் வரும்? பஞ்சை நனைத்தான். ஒரே இழுப்பு. பஞ்சில் லேசாக மஞ்சள் ஒட்டியிருந்தது போலிருந்தது. இல்லை என்றால் ஸ்பிரிட்டின் நிறமாகவும் இருக்கலாம்.

அன்று பொழுது சாய்ந்ததும், வந்து சேர்ந்த கூடுதல் செயலாளரோடு எல்லோரும் நின்று பார்க்கப் பச்சைப் பட்டன் அமுக்கப்பட்டது. விடியும்வரை காக்க வைக்காமல், முதல் படம் முடிந்ததுமே அச்சு இயந்திரம் கரகரவென்று தாளை வெளியே தள்ளியது. சாம்பல். கறுப்புக் கோடுகள். வளையம் இல்லை.

பக்கத்துத் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் சத்தம் மட்டும் தடால் தடால் என்று கேட்டது. இயக்குநர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கேயும் இல்லை. நயினார் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இயக்குநரின் முகம் வெளுத்து, சிவந்து, பிறகு மெல்ல மெல்ல மலர்ந்ததை அவன் பார்த்தான். ஒரு மனிதனுக்குப் பேச்சு வருவதை அவ்வளவு கிட்டத்தில் அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஐயா," என்று தொடங்கினார் இயக்குநர், "வளர்ந்த நாடுகள் விண்குப்பையைக் கண்டுபிடிக்கின்றன. பட்டியல் போடுகின்றன. அதோடு நின்றுவிடுகின்றன. நாங்கள் அப்படியா? இதோ, நேற்று வரை இருந்த குப்பை இது. இதோ, இன்றைய வானம். எங்கே குப்பை? இல்லை! குப்பையைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்காகவா அரசு நமக்குச் சம்பளம் தருகிறது? கண்டறிந்தோம். அகற்றிவிட்டோம்!"

கூடுதல் செயலாளர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதை இங்கிருந்தே அகற்றினீர்களா? எந்த முறையில்?"

இயக்குநர் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. நாகப்பனைப் பார்த்தார். நாகப்பன் சுற்றறிக்கையைப் பார்த்தார்.

"துடைத்தல் முறையில், ஐயா," என்றார் நாகப்பன்.

அந்த நிலையத்தின் வரலாற்றிலேயே ஓர் அதிகாரி சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். கைதட்டல் எழுந்தது. செயலாளர் தாமே இயக்குநருக்குச் சால்வை போர்த்தினார். அடுத்த ஆண்டறிக்கையின் தலைப்பு அங்கேயே முடிவாயிற்று: 'துடைத்த வானம்.'

எல்லோரும் போனபிறகு நயினார் இயக்குநரின் அறை வாசலில் நின்றான். "சார், அப்ப அது என் பொட்டுதான? எனக்கு வேலை இருக்கா இல்லையா சார்?"

இயக்குநர் சால்வையை மடித்துக்கொண்டே அன்போடு சொன்னார்: "எல்லாம் நல்லபடியா நடக்கும்." அது எந்தக் கேள்விக்கு விடை என்று தெரியவில்லை.

நாகப்பன் விளக்கினார். "குப்பையைக் கவனிக்கிறதுக்குத்தான் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதினது. இப்போ குப்பை இல்லை. அகற்றினதுக்குக் குடுக்கலாம்னா, அகற்றினது நிலையம், நீ இல்லை. அதனால கிடைக்கும்னும் சொல்ல முடியாது, கிடைக்காதுன்னும் சொல்ல முடியாது. பரிசீலனைக்கு எடுத்துக்கலாமான்னு பரிசீலனை நடக்குது."

"இன்னா சொல்றாரு?" என்று கேட்டான் மூர்த்தி.

"புரியலண்ணே."

"அப்ப கெட்ட சேதிதான். நல்ல சேதின்னா புரியற மாதிரி சொல்வானுங்க." மூர்த்தி ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "தோ பாரு நைனா, எங்க வூட்டு மாடில ஒரு ரூம்பு கீது. மேல ஷீட்டுதான் போட்டுகீது. வெயில்ல கொஞ்சம் காயும். பர்மனென்ட்டு, காண்ட்ராக்ட்டுன்னு எங்கம்மா இன்னாத்துக்குக் கேக்கப் போவுது? நீ இஸ்துகினு வந்துடு உன் வூட்டுக்காரிய."

கார்த்திகையில் உமாதேவி மேடம் கிடங்கு மேலாண்மையில் முதல் வகுப்புச் சான்றிதழோடு திரும்பினார். நயினார் அடுக்கி வைத்திருந்த படங்களைப் புரட்டினார். முதல் வளையத்தைப் பார்த்ததும் புருவம் தூக்கினார். பத்தாவது வளையத்தில் சிரிக்க ஆரம்பித்தவர், அர்ச்சனைக் கதையை மூர்த்தி சொல்லிக் கேட்டபோது மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

"கேமராக் கண்ணாடியில தூசி ஒட்டியிருந்தா அதோட நிழல் இப்படித்தான் வளையமா விழும். நிழல் இருட்டு இல்லையா? நாம தலைகீழா அச்சடிக்கிறதால வெள்ளையாத் தெரியுது. அதுவும் இந்த ஆரஞ்சு வெளிச்சத்துல இன்னும் பிரமாதமாத் தெரியும்."

நயினாருக்கு அப்பாடா என்றிருந்தது. "அப்ப அது என் பொட்டுதான் மேடம்?"

மேடம் யோசித்தார். "தூசின்னு சொல்லலாம். உங்க பொட்டா, வேற தூசியான்னு... துடைக்கிறதுக்கு முன்னாடி கழட்டிப் பார்த்திருந்தா சொல்லியிருக்கலாம். தொண்ணூறு சதவீதம் உங்களுது."

"மீதி பத்து?"

"அதைத்தான் சொல்ல முடியாது."

நயினார் சுவரைப் பார்த்தான். படித்த மனுஷியும் இப்படியா என்றிருந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து மேடம் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். துடைத்த கேமராவில் எடுத்த நிறையப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி அவர் உண்டாக்கியது. ஒற்றைப் படத்தில் தெரியாத மங்கல், பல படங்களைச் சேர்த்தால் மெல்லத் தலைகாட்டும். ஓரத்தில், கறுப்பாக, ஒரு கடுகில் பாதி.

"இது யார் பொட்டு மேடம்?"

"இது யார் பொட்டும் இல்லைன்னு நினைக்கிறேன். மேல இருக்கிறது. ஆனா இன்னும் பல நாள் பார்க்கணும்."

அதை அவர் இயக்குநரிடம் கொண்டுபோனார். இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, வானம் சுத்தம்னு டெல்லிக்கு எழுதியாச்சு. அடுத்த நிதியாண்டு வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."

"அது அங்கேயேதான் சார் இருக்கும்," என்றார் மேடம். வெளியே வந்து பச்சைப் பட்டனை அமுக்கினார். யாருக்கும் சொல்லாமல் தினமும் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என் வேலை மேடம்?"

"அது எனக்கு எப்படித் தெரியும் நயினார்? கிடங்கைப் பத்தி ஏதாவது கேளுங்க, சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பூத்தில் நயினார் போனை எடுத்தான். கோப்பு, பரிசீலனை எல்லாம் வாய்க்குள் வரிசையாக வந்து நின்றன. அவற்றை விழுங்கிவிட்டு, பொட்டிலிருந்து ஆரம்பித்துப் பஞ்சு வரை ஒன்றுவிடாமல் சொன்னான். நடுவில் ஒருமுறை மறுமுனையில் நாச்சியார் மூக்கை உறிஞ்சுவது போல் ஒரு சத்தம். அழுகிறாளோ என்று பயந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க தொடச்சதும் வளையம் போச்சா?"

"போச்சு."

"அப்ப ஒங்க பொட்டுதான். இதுக்கா டெல்லிலேந்து ஆளு வந்தான்?"

நயினார் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான். "வேலை நெலச்சிருமான்னு தெரியல நாச்சியா. படப்பை வீடும் இல்ல. குன்றத்தூர்ல மாடில ஒரு ரூம்பு. ஷீட்டுக் கூரை."

"அதையும் சாயங்காலம் தெறந்து காலைல மூடணுமா?"

"சே, அது பாட்டுக்குக் கெடக்கும்."

"அப்பச் சரி."

"என்ன சரி? வருவியா, மாட்டியா?"

"வாரேன். வெள்ளிக்கெழம சாயங்காலம் வள்ளியூர்ல பஸ் ஏறுதேன். விடிய தாம்பரத்துல வந்து நில்லுங்க."